சிரட்டையும் சோதனைக் குழாயும்

ஏழாம் வகுப்பில் படித்தபோது, 'அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும்' என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். லிட்மஸ் தாளை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை. அதன் பின்னும் நெடுநாள் கண்டதில்லை. அதே ஆண்டில் ஒவ்வொரு நாள் காலையிலும் என் தந்தையார் ரப்பர்ப் பாலைத் தட்டத்தில் ஊற்றி, நீர் கலந்து, அளந்து 'ஆசிட்' விடுவதையும், அந்தப் பால் சிறிது நேரத்தில் தயிர்போல் கட்டியாவதையும் பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் புறப்படுவேன். பள்ளியில் சொன்ன 'அமில'மும் வீட்டில் சொன்ன 'ஆசிட்'டும் ஒன்றே என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்வது ஆசிரியர் தொழில், எழுதுவது மாணவர் தொழில் என்று இருந்துவிட்டோம். கேட்பது யார் தொழில் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

நடுநிலை வகுப்புகளில், அதாவது பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிப்பது என்பது பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். எஞ்சியோர் நாளை பெற்றோராகப் போகிறவர்கள். ஆகவே இஃது எல்லோருக்கும் உரிய பொருளே.

'செய்து கற்றல்' என்ற சொல்லை இன்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதன் பொருளில் மயக்கம் உண்டு. ஆசிரியர் மேசைமேல் ஒரு சோதனையைச் செய்து காட்டினால், அங்கே கற்றவர் ஆசிரியர்; பிள்ளைகள் வேடிக்கை பார்த்தவர்கள். பாடநூலில் அச்சிட்ட செய்முறையைப் பிள்ளைகளே செய்தாலும் குறை முற்றும் நீங்குவதில்லை. அடுத்த வரியிலேயே முடிவும் அச்சாகியிருக்கிறது. கையில் வந்த முடிவு நூலின் முடிவோடு ஒத்துவராவிட்டால், கண்டதை விட்டு நூலில் உள்ளதை எழுதிவிடுவோம். நான் அவ்வாறு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதியிருப்பீர்கள். கண்ணால் கண்டதை மறைத்து எழுதப் பழக்குவது விஞ்ஞானம் ஆகுமா?

உண்மையான முறை வேறு. அதில் வினா பிள்ளையினுடையது. அதற்கு விடை காணும் வழியையும் பிள்ளையே வகுக்க வேண்டும். ஆசிரியர் உடன் நடப்பார். வழி தவறினால் ஒரு வினாவால் திருப்புவார். தீங்கு நேராமல் காப்பார். ஆனால் முடிவை முந்திச் சொல்லமாட்டார்.

இது நேற்றுப் பிறந்த கருத்தன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹென்றி எட்வர்டு ஆம்ஸ்டிராங் என்ற ஆங்கில வேதியியல் பேராசிரியர், மாணவரைக் கண்டுபிடிப்பவரின் இடத்தில் நிறுத்திக் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார். ஆயினும், இங்கிலாந்தின் வசதியான பள்ளியில் நடப்பது நம் ஓட்டுக் கட்டடப் பள்ளியில் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் பெற்றுள்ள ஓசங்காபாத் மாவட்டத்தில், முப்பது ஆண்டுகள் நடந்தது.

1972இல் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் 16இல் இம்முயற்சி தொடங்கியது. கிசோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் அதனை மேற்கொண்டன. கிசோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை விட்டுக் கிராமத்திற்கு வந்த விஞ்ஞானி. அந்நிலையத்தின் அறிஞரும் தில்லிப் பல்கலைக் கழகப் பேராசிரியரும் அக்கிராமப் பள்ளி ஆசிரியரோடு அமர்ந்து பாடங்களை வகுத்தனர். 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் இம்முறை விரிந்தது. 1982இல் 'ஏகலவ்யா' என்ற நிறுவனம் தோன்றி இப்பணியை ஏற்றுக்கொண்டது.

அங்கு நடந்ததை அறிந்தால் இம்முறையின் இயல்பு விளங்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகக் கூடி அமர்ந்தனர். 'பால வைஞானிக்', அதாவது 'இளம் விஞ்ஞானி', என்பது அவர்களுடைய நூலின் பெயர். அதில் சோதனை இருக்கும், வினா இருக்கும், விடை இராது. விடையைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் தாமே எழுத வேண்டும். எளிய கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று பள்ளிக்கு வந்தது. ஆசிரியருக்குப் பயிற்சி தந்தனர். பின்னும் மாதந்தோறும் அவர்கள் கூடி இடர்ப்பாடுகளைப் பேசினர். பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதி அனுப்புவதற்கென்று 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதர் ஒருவரையே படைத்தனர்!

எல்லாவற்றிலும் சிறந்தது தேர்வு. நூலையும் குறிப்பேட்டையும் தேர்வறைக்குள் கொண்டு செல்லலாம். பார்த்து எழுத அதில் விடை இருந்தால் அல்லவா அச்சம்? வினாக்கள் புதியவை, சிந்தித்தே எழுத வேண்டும். சோதனை செய்து காட்டும் தேர்வும் உண்டு. கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டுத் தேர்வைப் பழைய முறையில் வைத்தால் பழைய முறையே வெல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதனைப் படித்தறிந்த நான், சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூன்று வாரம் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் வாய்ப்பைப் பெற்றேன். எங்கள் ஊர் வெள்ளறடை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கோரத்தில் மலையடிவாரத்தை ஒட்டியது. பனச்சமூட்டுச் சந்தைக்குப் போனால் ஒரு காலைக் கேரளத்திலும் மறுகாலைத் தமிழ்நாட்டிலும் வைக்கலாம் என்பர் எங்கள் ஊரார். எங்கும் ரப்பர் மரம். இடையிடையே மரச்சீனி, தென்னை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்.

அமிலங்களும் காரங்களும் என்பது அந்த மாதத்துப் பாடம். ஆசிரியர் நூலைத் திறக்காமல், "ரப்பர்ப் பாலில் ஆசிட் ஏன் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்டார். "உறைவதற்கு" என்றது வகுப்பு. "ஆசிட் இல்லாவிட்டால் உறையாதோ?" என்றார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எலுமிச்சைச் சாறு ஊற்றினால் உறையும் என்றான் ஒருவன். கடையில் விற்கும் ஆசிட்டுக்குத்தான் அந்த வல்லமை என்றான் மற்றொருவன். "சரி, எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் அமர்ந்துவிட்டார்.

மறுநாள் பிள்ளைகள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பாலும், மரத்தில் கட்டும் சிரட்டைகளும் கொண்டுவந்தனர். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வேலியோரத்துப் பிலிம்பிக்காய்ச் சாறு, வினாகிரி, சோப்புநீர், வெறும் நீர் என ஆறு வகை. கடை ஆசிட் தோலைப் புண்ணாக்கும். அதனைப் பிள்ளைகள் தொடலாகாது என்று மட்டும் ஆசிரியர் விதித்தார். முதல் முறை சோதனை சண்டையில் முடிந்தது. ஒரு குழு சாற்றை மிகுதியாக ஊற்றிவிட்டு, "எங்களுடையதே முதலில் உறைந்தது" என்றது. "அளவு ஒன்றாக இருக்க வேண்டாமா?" என்று எதிர்க்குழு கேட்டது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றைச் சமமாக வைக்க வேண்டும் என்பது விஞ்ஞான முறையின் முதல் விதி. அதனை அன்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சண்டையே கற்பித்தது. பின்னர் ஒவ்வொரு சிரட்டையிலும் ஐந்து கரண்டிப் பால், ஐந்து கரண்டி நீர், இரண்டு கரண்டிச் சாறு என்று அவர்களே வரையறுத்தனர்.

புளிப்பான நான்கும் உறைந்தன. சோப்புநீரும் வெறும் நீரும் சேர்த்தவை பாலாகவே இருந்தன. 'புளிப்பு ரப்பர்ப் பாலை உறைய வைக்கும்' என்று எழுதி முடித்தார்கள். சிரட்டைகளைத் திண்ணையில் வைத்துவிட்டு வீடு சென்றார்கள்.

மறுநாள் காலை ஒரு சிறுமி என்னிடம் ஓடிவந்தாள். வகுப்பில் வாய் திறவாதவள். 'மந்தம்' என்று பெயர் பெற்றவள். "அண்ணே, இது வெறும் தண்ணி ஊத்துன சிரட்டை. இதுவும் ஒறைஞ்சு போச்சு! நாத்தமும் அடிக்குது!" என்றாள்.

நேற்று எழுதிய முடிவு பொய்த்துவிட்டதா? நான் ஆசிரியர் முகத்தைப் பார்த்தேன். நூலின் முடிவைச் சொல்லிப் பாடத்தை நடத்திச் செல்வது எளிது. அவர் அதனைச் செய்யவில்லை. "ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். சிரட்டையில் பழைய சாறு ஒட்டியிருந்திருக்கும் என்றான் ஒருவன். அதனைச் சோதிக்க, நன்கு கழுவிக் கொதிநீரில் இட்ட எவர்சில்வர் தம்ளரில் மறுபடியும் வைத்தார்கள். ஒரு நாள் கழித்து அதுவும் உறைந்தது. அப்போது அச்சிறுமி, "மரத்துல கட்டுன சிரட்டையில மிச்சம் இருக்கிற பாலும் தானா ஒறையும். அப்பா அதுக்கு ஒட்டுப்பால்னு சொல்லுவாரு. அதையும் விக்கலாம்" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒட்டுப்பாலைப் பலரும் கண்டிருந்தனர். அதனை இந்தச் சிரட்டையோடு சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்தியே.

'தானாக உறைந்ததிலும் புளிப்பு இருக்குமோ?' என்ற வினா அதிலிருந்து பிறந்தது. நாற்றமடிப்பதை நாவில் வைத்துப் பார்க்க இயலுமா? இங்கேதான் நான் ஓர் உதவி செய்தேன். செம்பருத்திப் பூவின் இதழை வெள்ளைத் தாளில் தேய்த்து உலர்த்தினால், அந்தத் தாள் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும் என்று சொன்னேன். லிட்மஸ் செய்யும் வேலையை நம் வீட்டு முற்றத்துச் செம்பருத்தி செய்யும். தாளை நனைத்துப் பார்த்தார்கள். எலுமிச்சையில் சிவந்தது. சோப்புநீரில் பச்சையானது. தானாக உறைந்த கட்டியிலிருந்து வடிந்த நீரிலும் சிவந்தது! ஒருவரும் ஊற்றாத புளிப்பு அங்கே எப்படி வந்தது?

அதன் பிறகே விளக்கம் தேவைப்பட்டது; தேவைப்பட்ட பிறகே ஆசிரியர் விளக்கினார். ரப்பர்ப் பால் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய ரப்பர்த் துகள்களின் கூட்டம். அத்துகள்களைப் புரதம் போர்த்தியிருக்கிறது. ஒவ்வொன்றும் எதிர் மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் தணிகிறது. துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. ஒன்றும் ஊற்றாமல் வைத்தாலோ, காற்றிலும் கலத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரைகளை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. ஆகவே முன்பு எழுதிய முடிவு பொய்யன்று. அதற்கு ஆழம் கூடிற்று. "அப்படீன்னா, பால் ஒறையாம இருக்க அமோனியா விடுறது இதுக்குத்தானா?" என்று கேட்டான், தந்தை பால் வாங்கி விற்கும் ஒரு பையன். ஆம், அமோனியா காரம். நுண்ணுயிர்களையும் அது தடுக்கும். அந்த வினா எந்தப் பாடநூலின் பயிற்சியிலும் இல்லை.

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். நண்பகலில் நிழல் மிகக் குறுகும் என்று படித்த பிள்ளைகள், மைதானத்தில் ஒரு மீட்டர்க் கோலை நட்டு அளந்தார்கள். 12 மணிக்கு நிழல் குறுகி நிற்கவில்லை. பின்னும் குறுகிக்கொண்டே போயிற்று. 12.20க்கும் 12.30க்கும் இடையிலேதான் மிகக் குறுகியது. அதுவும் தெற்கு நோக்கி விழுந்தது. "கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" என்றார்கள். ஆசிரியர் சற்று நின்று, "எனக்கும் இப்போது தெரியவில்லை, பார்ப்போம்" என்றார். இருபது ஆண்டு பணி செய்தவர், பிள்ளைகள் முன்னே அவ்வாறு சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! அன்று மாலை நாங்கள் இருவரும் வரைபடத்தோடு அமர்ந்தோம். இந்தியாவின் பொது நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டுக்கு உரியது. எங்கள் ஊர் 77 பாகையைச் சிறிது கடந்து நிற்கிறது. இடைவெளி ஐந்தே கால் பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 21 நிமிடம். எஞ்சிய சில நிமிடங்கள் புவியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் ஆண்டு முழுவதும் கூடிக் குறைவன. நிழல் தெற்கே விழுந்ததற்கும் காரணம் உண்டு. நாங்கள் ஏறத்தாழ 8½ பாகை வட அகலக் கோட்டில் இருக்கிறோம். ஆகஸ்டில் சூரியன் எங்களுக்கும் வடக்கே நிற்கிறான். செப்டம்பர் முதல் நாளை ஒட்டி அவன் எங்கள் உச்சிக்கு நேராக வரும்போது நிழலே இராது. மறுநாள் இக்கணக்கைப் பிள்ளைகளே போடும்படி ஆசிரியர் வழிவிட்டார். "தெரியவில்லை" என்று சொன்னதால் அவர் மதிப்புக் குறையவில்லை. அதன் பிறகு பிள்ளைகள் அவரிடம் அஞ்சாமல் கேட்டார்கள்.

இனி, இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒன்றைச் சொல்கிறேன். ஓசங்காபாத்துப் பிள்ளைகள் தம் மொழியான இந்தியில் கேட்டார்கள், இந்தியில் எழுதினார்கள். எங்கள் சிறுமி 'ஒறைஞ்சு போச்சு' என்றாள்; 'ஒட்டுப்பால்' என்றாள். வினா என்பது வீட்டுப் பேச்சில் பிறப்பது. கற்ற சொல்லில் விடை எழுதலாம். வியப்பும் ஐயமும் கற்ற சொல்லில் எழுவது அரிது.

1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் நின்ற எங்களில் தமிழ்வழியில் பிள்ளையைச் சேர்ப்பதா, ஆங்கிலவழியில் சேர்ப்பதா என்ற பேச்சு வீடுதோறும் நடக்கிறது. தமிழ்மேல் கொண்ட பற்றை மட்டும் காட்டி அப்பெற்றோரை நிறுத்த முடியாது, நிறுத்துவதும் முறையன்று. நானும் தமிழ்வழியில் படித்தவனே. ஆனால் என் லிட்மஸ் தாளும் தமிழில்தான் இருந்தது. எனக்கு என்ன பயன்? தமிழில் மனப்பாடம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்வதற்கும் வேறுபாடு இல்லையானால், பெற்றோர் ஆங்கிலத்தைத் தேர்வதில் வியப்பில்லை. பிள்ளை தானே கேட்டு, தானே ஆராய்ந்து, தானே எழுதும் வகுப்பில்தான் தாய்மொழியின் வலிமை கண்கூடாகத் தெரியும். 'மந்தம்' என்று நாங்கள் நினைத்த சிறுமி அங்கேதான் வாய் திறந்தாள். தாய்மொழிக் கல்விக்கு இதைவிடச் சிறந்த வாதம் எனக்குத் தெரியாது.

தடைகளை நான் மறைக்கவில்லை. அமிலப் பாடத்தைப் படித்து முடிக்க மூன்று வகுப்புப் போதும். நாங்கள் ஒன்பது வகுப்பு எடுத்துக்கொண்டோம். தேர்வு அருகில் வந்தபோது ஆசிரியர் கவலைப்பட்டார். பிள்ளைகள் கூடிப் பேசினால், "வகுப்பு இரைச்சலாக இருக்கிறது" என்று அடுத்த அறையிலிருந்து புகார் வரும். ஓசங்காபாத் முயற்சியையே 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு வளர்த்த மரமும் ஓர் ஆணையால் சாயும் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

ஆயினும் விதை அழியவில்லை. 2005இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வரைவு, மனப்பாடத்தை விட்டுப் பள்ளிக்கு வெளியிலுள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்று கூறியது. கேரளத்தில் 1962இல் தோன்றிய சாத்திர சாகித்திய பரிசத்தும், தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கமும் தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப உழைத்தன. தமிழ்ச் சிறுவர்க்கெனத் 'துளிர்' இதழ் 1987இல் தொடங்கியது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல்களை ஆராய்ந்து தம் மொழியிலேயே எடுத்துரைத்தனர். நெறி நமக்குப் புதிதன்று. வகுப்பறைக்குள் அது போதிய அளவு நுழையவில்லை என்பதே குறை.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் செல்லுங்கள். ஆசிரியரின் இசைவு பெற்று, ஒரு வகுப்பு நேரம் பிள்ளைகளோடு அமருங்கள். சொற்பொழிவு செய்யாதீர்கள். செம்பருத்தி தேய்த்த தாள் பத்துத் துண்டு போதும். "உங்கள் வீட்டில் புளிப்பது எது? ஏன் புளிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கடினம், அதைப் பழகிக்கொண்டால் மற்றவை தாமே வரும்.

நான் விடைபெற்ற நாளில் அந்தச் சிறுமி மறுபடியும் வந்தாள். கடை ஆசிட் பார்மிக் அமிலம் என்றும், எறும்பு கடித்தால் எரிவதும் அந்த அமிலத்தால் என்றும் ஆசிரியர் சொல்லியிருந்தார். "அண்ணே, எறும்பைப் பிடிச்சுப் போட்டா பால் ஒறையுமா? எத்தனை எறும்பு வேணும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்றுதான் கேட்டேன். அவள் சிந்தித்தபடியே நடந்து போனாள்.